கேளுங்க சொல்றேன்: கிரேடர் சக்கரம் ஏன் சாஞ்சு நிக்குது?

ரோடு போடுற வண்டிகளப் பத்தி போன தடவை எழுதினதுக்கு அப்புறம் வந்த கேள்விகள்ல நிறைய கிரேடரப் பத்தித்தான் இருந்துச்சு. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல ஒரு நீளமான பிளேட தொங்கவிட்டு மண்ண வழிச்சு ரோட்ட சமன் பண்ணுமே, அந்த வண்டிதான். எனக்கும் ரொம்பப் பிடிச்ச வண்டி அது, அதனால இந்த தடவை முழுசும் கிரேடர்தான்.

கேள்வி: எங்க ஊர் பக்கம் பைபாஸ் வேலை நடக்குது. அங்க ஓடுற கிரேடரோட முன் சக்கரம் ரெண்டும் ஒரு பக்கமா சாஞ்சே போகுது. ஆக்சில் வளைஞ்சு போச்சா, இல்ல வேணும்னே அப்படி வெச்சிருக்காங்களா?
– பாலிடெக்னிக் மாணவர், கிருஷ்ணகிரி

ஆக்சில் வளையல தம்பி, வேணும்னேதான் சாய்க்கிறாங்க, ஆபரேட்டர் கையில அதுக்குன்னே ஒரு லிவர் இருக்கு, ரெண்டு பக்கமும் சாய்ச்சுக்கலாம். நான் சின்ன வயசுல ஒரு காண்ட்ராக்டர் யார்டுல மெக்கானிக்குக்கு எடுபிடியா இருந்தப்ப இதே கேள்விய கேட்டேன், அங்க இருந்த பெரியவர் வாயத் திறந்து பதிலே சொல்லல, பக்கத்துல வந்து என் தோள்ல கைய வெச்சு சைடுல இருந்து அழுத்தமா தள்ளினாரு, நான் விழாம இருக்க தன்னால அவர் பக்கமா சாஞ்சு கால ஊனிக்கிட்டேன், "அதான் சங்கதி"ன்னு சொல்லிட்டு போய்ட்டாரு. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் அதவிட தெளிவா எனக்கு சொல்லத் தெரியல, ஆனா கணக்கு கேப்பீங்கல்ல, அதையும் பாத்துடலாம்.

கிரேடர் பிளேடு வண்டிக்கு நேர் குறுக்கா நிக்காது, கோணலாத்தான் நிக்கும். நேர் குறுக்கா வெச்சா வெட்டின மண்ணு பூரா முன்னாடியே குவிஞ்சு, கொஞ்ச தூரத்துல வண்டி திணறி நின்னுடும். கோணலா வெச்சா மண்ணு பிளேடோட வளைவுல சுருண்டு சுருண்டு ஓடி பின் முனைக்கு வந்து ஓரமா ஒரு வரப்பு மாதிரி விழுந்துக்கிட்டே வரும், வண்டி நிக்காம போய்க்கிட்டே இருக்கலாம். ஆனா மண்ண நீங்க வலப்பக்கம் தள்ளினா அது உங்கள இடப்பக்கம் தள்ளுமே. உராய்வ விட்டுட்டு கணக்கு போட்டா, பிளேடு 45 டிகிரி திரும்பி இருந்தா, வண்டி முன்னால போறதுக்கு மண்ணு எவ்வளவு எதிர்ப்பு குடுக்குதோ அதே அளவு பக்கவாட்டுலயும் தள்ளுது! 30 டிகிரி திரும்பி இருந்தாகூட பாதிக்கு மேல வந்துடும். உராய்வு சேர்ந்தா பக்கத் தள்ளு கொஞ்சம் குறையும், அப்பவும் அது சின்ன பலம் இல்ல.

இப்ப அந்தக் காலத்து வண்டிய நினைச்சுப் பாருங்க. குதிரை இழுக்கற வண்டி, ரப்பர் டயர் கிடையாது, ஒல்லியான இரும்புப் பட்டா போட்ட சக்கரம், கீழ இளகின மண்ணு. இந்தத் தள்ளுல வண்டி நண்டு மாதிரி பக்கவாட்டுல நகந்துடும். வழுக்கறது ஒரு பிரச்சனைன்னா சக்கரம் உடையறது இன்னொண்ணு. நம்ம மாட்டு வண்டி சக்கரத்துல நடுவுல குடம், சுத்தி வட்டை, ரெண்டையும் சேக்கற ஆரக்கால்னு இருக்குல்ல, மேல இருந்து இறங்கற பாரத்த ஆரக்கால் நெட்டுக்குத்தலா வாங்கி தரைக்கு குடுத்துடும், எவ்வளவு வெயிட்டுன்னாலும் தாங்கும், அதே ஆரக்கால சைடுல இருந்து தள்ளினா குடத்துக்கிட்ட நெம்பி பேந்துடும்.

அமெரிக்காவுல இண்டியானா மாநிலத்துல ஜோசப் டி. ஆடம்ஸ்னு ஒருத்தர் 1885ல இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாரு. சக்கரத்தையே சாய்ச்சுட்டாரு. அந்த வண்டிக்கு லிட்டில் வொண்டர்னு பேரு. உதாரணத்துக்கு ஒரு சக்கரத்து மேல 400 கிலோ பாரமும் பக்கத்துல இருந்து 150 கிலோ தள்ளும் வருதுன்னு வெச்சுக்குங்க, இது ரெண்டும் சேர்ந்து ஒரே பலமா மாறினா அது நெட்டுக்குத்தல்ல இருந்து 20 டிகிரி சொச்சம் சாஞ்சு நிக்கும். சக்கரத்தையும் அதே 20 டிகிரி சாய்ச்சுட்டா ஆரக்காலுக்கு பக்கவாட்டு பலமே தெரியாது, நீளவாக்குல வர்ற அமுக்கம் மட்டும்தான், அதுக்குத்தான் ஆரக்கால் பிறந்ததே. கூடவே பட்டாவோட விளிம்பும் மண்ணுல கடிச்சு பிடிச்சுக்கும். தேர் வடம் பிடிக்கறவங்க யாராவது நெட்டையா நின்னு இழுத்து பாத்திருக்கீங்களா, உடம்ப சாய்ச்சு கால உதைச்சுத்தானே இழுக்கறாங்க?

எந்தப் பக்கம் சாய்க்கணும்னு குழப்பம் வந்தா மண்ணு எந்தப் பக்கம் போய் விழுதோ அந்தப் பக்கம்னு ஞாபகம் வெச்சுக்குங்க. பைபாஸ்ல அடுத்த தடவை பாக்கும்போது வரப்பு விழற பக்கத்தையும் சக்கரத்தோட தலை சாயற பக்கத்தையும் சேத்துப் பாருங்க. பரீட்சையில யாராவது கேட்டா பலங்கள படமா போட்டே காட்டலாம், இதவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிஞ்சு ரோட்டுல வேற இல்ல.

கேள்வி: குதிரை இழுத்த அந்தக் காலத்து கிரேடர்ல ஹைட்ராலிக்கும் இல்ல எஞ்சினும் இல்ல, அப்புறம் அவ்வளவு கனமான பிளேட ஓடற வண்டியில எப்படி ஏத்தி இறக்கினாங்க?
– வாசகி, மதுரை

கைதாங்க. பழைய படங்கள்ல வண்டியோட பின்பக்கம் ஒரு மேடை இருக்கும், அதுல ஒரு ஆள் நின்னுக்கிட்டு கப்பல் ஓட்டறவர் மாதிரி ரெண்டு பெரிய இரும்பு வீல பிடிச்சிருப்பாரு. இடது வீல் பிளேடோட இடது முனைக்கு, வலது வீல் வலது முனைக்கு. குதிரைய ஓட்ட வண்டியோட முன்பக்கத்துல தனியா ஒரு ஆள்.

வீல்ல இருந்து பிளேடுக்கு நேரா சங்கிலி கட்டியிருந்தா என்ன ஆகும்னு யோசிங்க, பிளேடு ஒரு கல்லுல முட்டின உடனே அந்த அடி திரும்பி வந்து வீல சுழட்டி விட்டு ஆளோட கைய முறிச்சிருக்கும். இந்த மாதிரி வேலைக்கு பொருத்தமானது வார்ம் கியர், அதாவது திருகு மாதிரி ஒரு தண்டு பல்சக்கரத்தோட சேர்ந்து ஓடும், தண்ட சுத்தினா பல்சக்கரம் நகரும், ஆனா பல்சக்கரத்த எவ்வளவு அமுக்கினாலும் தண்டு சுத்தாது. ஒருவழிப் பாதை. வேகம் குறையும், பத்து சுத்து சுத்தினாத்தான் பிளேடு கொஞ்சம் நகரும், ஆனா விட்ட இடத்துல அப்படியே நிக்கும், பூட்டுப் போட தனியா எதுவும் வேண்டாம். வேகத்த விட்டுக்குடுத்து பிடிமானத்த வாங்கிக்கற இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா ரோடு சமன் பண்றதுல எல்லாமே அரை இஞ்ச் கால் இஞ்ச் சமாச்சாரம், வேகமா ஏறி இறங்கற பிளேட வெச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது.

இழுக்கற பலம் எப்படி போகுதுங்கறதும் கவனிக்க வேண்டிய விஷயம். முன் பக்கத்துல இருந்து ஒரு கனமான இழுசட்டம் பின்னால நீண்டு வரும், ஆங்கிலத்துல ட்ராபார்னு சொல்ற அதே சாமான், நம்ம ஏர்க்கால் மாதிரிதான். அதோட பின் நுனியில வண்டிச் சக்கரம் சைஸுக்கு ஒரு வட்டம் படுத்தாப்ல இருக்கும், பிளேடு அந்த வட்டத்துலதான் தொங்குது, வட்டத்த திருப்பினா பிளேடோட கோணம் மாறும். அதனால குதிரையோட இழுப்பு இழுசட்டம் வழியா பிளேடுக்கு போயிடுது, மேல இருக்கற ஃப்ரேம் பிளேட தூக்கிப் பிடிக்கறதும் அமுக்கறதும் மட்டும்தான் பாக்குது. இன்னைக்கு ரோட்டுல ஓடற புது கிரேடரக் குனிஞ்சு பாருங்க, இழுசட்டம், வட்டம், பிளேடு, மூணும் அதே வரிசையில அப்படியே இருக்கும்.

ரெண்டு வீல் எதுக்குன்னா, ரோட்ட மட்டமா வழிக்கறது மட்டும் வேலை இல்ல, நடுவுல மேடா ஓரத்துல தாழ்வா வாட்டம் குடுக்கணும், இல்லன்னா மழைத் தண்ணி நின்னு மண் ரோடு சேறாயிடும். முதல்ல பிளேடோட முன் முனைய மட்டும் இறக்கி பின் முனைய தூக்கி வெச்சுக்கிட்டு ரோட்டு ஓரமா போவாங்க, அது ஓர வாய்க்காலையும் வெட்டும், வெட்டின மண்ண உள்பக்கமா வரப்பாவும் போடும். அடுத்த நடையில அந்த வரப்ப இன்னும் உள்ள தள்ளுவாங்க, அப்புறம் இன்னொரு நடை, இப்படியே நடு ரோடு வரைக்கும். வாய்க்காலும் ரெடி, வாட்டமும் ரெடி, வெளிய இருந்து ஒரு கூடை மண்ணு கொண்டு வரல. ஒவ்வொரு நடைக்கும் ரெண்டு முனையும் வேற வேற உயரத்துல இருக்கணும்ல, அதான் ஆளுக்கு ரெண்டு கையிலயும் வேலை.

அந்தக் காலத்துல அமெரிக்க கிராமங்கள்ல ரோட்டு வரிய காசா கட்டாம, விவசாயிங்க தங்களோட குதிரையோட வந்து சில நாள் ரோட்டு வேலை செஞ்சு கழிக்கற வழக்கம் இருந்துச்சு. அப்ப இந்த வண்டிய கையாண்டவங்க நிறைய பேர் உழவங்கதான்.

கேள்வி: நாங்க நாத்து நடறதுக்கு முன்ன வயல்ல பரம்பு அடிப்போம். கிரேடரும் அதே வேலைதானே செய்யுது? எங்க வயலுக்கு போற மண் ரோட்ட பரம்பு மாதிரி ஒண்ண டிராக்டர்ல கட்டி சரி பண்ண முடியுமா?
– விவசாயி, மன்னார்குடி

ஐயா, நீங்க கேட்டத அப்படியே செஞ்சு காட்டினவர் ஒருத்தர் இருக்காரு. அமெரிக்காவுல மிசௌரி மாநிலத்துல மெய்ட்லண்ட்னு ஒரு ஊர், அங்க டி. வார்ட் கிங்னு ஒரு விவசாயி, உங்கள மாதிரிதான், தன் வீட்டுக்கு போற மண் ரோடு மழைக்கு சேறாகறத பொறுக்க முடியாம 1896 வாக்குல ஒரு மரத்தடிய நீளவாக்குல ரெண்டா பிளந்து, ரெண்டு பாதியையும் ஒண்ணுக்கு பின்னால ஒண்ணா முக்கா மீட்டர் இடைவெளியில நிறுத்தி, குறுக்க கட்டை அடிச்சு ஏணி மாதிரி ஆக்கி, சங்கிலி கட்டி குதிரைய பூட்டி இழுத்தாரு. அவ்வளவுதாங்க வண்டி. சக்கரம் கிடையாது, கியர் கிடையாது. அதுக்கு மேல பலகை போட்டு அவரே ஏறி நின்னுக்கிட்டாரு, எந்தப் பக்கம் அதிகமா வெட்டணுமோ அந்தப் பக்கம் நகந்து நின்னா போதும், ஆளோட வெயிட்டுதான் கண்ட்ரோல்.

பரம்புக்கும் இதுக்கும் ஒரே ஒரு வித்தியாசம். பரம்ப நேரா இழுப்பீங்க, ஏன்னா வயல் மட்டமா இருக்கணும். இத கோணலா இழுக்கணும், சங்கிலிய நடுவுல கட்டாம ஒரு பக்கமா தள்ளி கட்டினா தன்னால கோணலா வரும், மண்ணு ஓரத்துல இருந்து நடுவுக்கு நகரும். நடு மேடாகும்.

எப்ப இழுக்கணும்ங்கறதுதான் இதுல உயிர். காஞ்ச ரோட்டுல இழுத்தா புழுதிதான். மழை விட்டு, மண்ணு ஈரமா இருந்து ஆனா கட்டையில ஒட்டாத பதத்துல இழுக்கணும். களிமண்ணு அந்தப் பதத்துல தேய்ச்சா குயவர் பானைய தட்டித் தேய்க்கற மாதிரி மேல வழவழன்னு ஒரு தோல் கட்டும், காஞ்சதும் இறுகிடும், அடுத்த மழைக்கு தண்ணி உள்ள இறங்காம ஓரத்துக்கு ஓடிடும். ஒவ்வொரு மழைக்கு அப்புறமும் இப்படி பண்ணப் பண்ண ரோடு கெட்டியாகிட்டே போகும். இத விவசாயிங்களுக்கு சொல்லித் தர அமெரிக்க விவசாயத் துறை 1908ல தனியா ஒரு சின்ன புத்தகமே போட்டாங்க.

டெல்டா களிமண்ணுக்கு இது கண்டிப்பா செட்டாகும்னு நான் நினைக்கறேன். முன் கட்டைக்கு அடியில ஒரு இரும்புப் பட்டை அடிச்சுக்குங்க, தேயாது. டிராக்டர மெதுவா ஓட்டுங்க, வேகமா போனா கட்டை குதிக்கும், குதிச்ச இடமெல்லாம் பள்ளம் விழும். அது மேல ஆள் யாரும் ஏறி நிக்க வேண்டாங்க, அவங்க குதிரைக்கு பின்னால நின்னாங்க, இது டிராக்டர், வெயிட்டு வேணும்னா மண்மூட்டைய வெச்சு கட்டுங்க. முக்கியமா, ஓரத்துல தண்ணி வடிய வாய்க்கால் இல்லன்னா என்ன இழுத்தும் பிரயோஜனம் இல்ல.

கேள்வி: டோசர்லயும் பிளேடு இருக்கு, அதுவும் மண்ணத்தான் தள்ளுது. ஏன் அதாலயே ஃபைனலா லெவல் பண்றதில்ல? கிரேடர்ல ஏன் பிளேடு நடு வயித்துல இருக்கு?
– சைட் சூப்பர்வைசர், சேலம்

நல்ல டோசர் ஆபரேட்டர் கிடைச்சா அதுலயும் ஓரளவு பண்ணிடுவாரு, ஆனா வண்டியோட அமைப்பு அவருக்கு எதிரா நிக்கும். டோசர்ல பிளேடு எல்லாத்துக்கும் முன்னாடி இருக்கு. பிளேடு லேசா ஒரு மேடு விட்டா, பின்னாலயே வர்ற டிராக்கு, அதாவது சக்கரத்துக்கு பதிலா இருக்கற சங்கிலிப் பட்டை, அந்த மேட்டுல ஏறும், மூக்கு தூக்கும், மூக்கோட பிளேடும் தூக்கும், அங்க இன்னும் பெரிய மேடு விழும், தாண்டி இறங்கும்போது பிளேடு குத்தி பள்ளம் போடும். தப்பு தப்பையே பெருக்கும், கடைசியில தரை அலை அலையா நிக்கும்.

கிரேடர்ல முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவுல பிளேடு. சரி பாதியில இருக்குன்னு வெச்சுக்குவோம், முன் சக்கரம் ரெண்டும் 10 சென்டிமீட்டர் மேட்டுல ஏறினா பிளேடு இருக்கற இடம் 5 சென்டிமீட்டர்தான் ஏறும். ஒரு சக்கரம் மட்டும் ஏறினா இன்னும் நல்லது, முன் ஆக்சில் நடுவுல ஒரு பின்னுல ஆடற மாதிரிதான் மாட்டியிருக்கு, ஆக்சிலோட நடு 5 ஏறும், பிளேடு ரெண்டரைதான். பத்து ரெண்டரை ஆகுது பாருங்க! அந்த ரெண்டரை மேட்டையும் ஆபரேட்டர் கைவேலையில பாதி வெட்டிடுவாரு, அடுத்த நடைக்கு வண்டி ஓடற தரையே இன்னும் மட்டமா இருக்கும், இப்படி நடைக்கு நடை தப்பு சுருங்கிட்டே போகும். வண்டி எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லதுங்கறதுக்கும் இதான் காரணம், கிரேடர் ஏன் ஒட்டகச்சிவிங்கி மாதிரி நீட்டி நிக்குதுன்னு கேக்கறவங்களுக்கும் இதான் பதில்.

பின்னால வந்த வண்டிகள்ல பின் பக்கம் ஒவ்வொரு சைடுலயும் ரெண்டு ரெண்டு சக்கரத்த ஒரு சட்டத்துல மாட்டி, சட்டத்தோட நடுவுல ஊஞ்சப் பலகை மாதிரி ஆட விட்டாங்க, டேண்டம்னு நீங்க சொல்றீங்களே அதுதான். அங்கயும் அதே பாதிக் கணக்குதான், ஒரு சக்கரம் பத்து ஏறினா அந்த சைடு அஞ்சுதான் ஏறும்.

கேள்வி: மோட்டார் கிரேடர கண்டுபிடிச்சது கேட்டர்பில்லர் கம்பெனிதானே?
– வாசகர், திருச்சி

முழுசா அப்படி சொல்லிட முடியாது. 1870கள் கடைசியிலயே பென்சில்வேனியாவுல கென்னட் ஸ்கொயர்ங்கற ஊர்ல பென்னாக்னு ஒரு குடும்பம் குதிரை இழுக்கற ரோடு மெஷின் செஞ்சு வித்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் 1885ல ஆடம்ஸ். 1903ல மினசோட்டாவுல ஸ்டீபன்ங்கற ஊர்ல ரிச்சர்ட் ரஸ்ஸல், ஸ்டாக்லண்ட்னு ரெண்டு பேர் கூட்டு சேர்ந்து ரஸ்ஸல் கம்பெனிய தொடங்கினாங்க, அவங்க முதல்ல செஞ்சது கொஞ்சம் வேற மாதிரி வண்டி, கலப்பை மாதிரி ஒண்ணு மண்ண வெட்டி ஓடற பெல்ட்டு மேல போடும், பெல்ட்டு அத ரோட்டு நடுவுக்கோ பக்கத்துல வர்ற வண்டிக்கோ கொண்டு போய் கொட்டும். பொதுவா இந்த வகை வண்டியில பெல்ட்டு ஓடறதுக்கான பலம் வண்டியோட சக்கரத்துல இருந்துதான் வரும், சேத்துல சக்கரம் வழுக்கினா பெல்ட்டும் நின்னுடும். ரஸ்ஸல் ஆளுங்க பெல்ட்டுக்கு மட்டும் ஒரு சின்ன பெட்ரோல் எஞ்சின வெச்சாங்க, வண்டிய இழுக்கறது வழக்கம்போல குதிரைதான். எஞ்சின் ஏறியாச்சு, ஆனா வண்டிய நகத்தறதுக்கு இல்ல, நினைச்சுப் பாத்தா எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருக்கும்.

1920 வாக்குல அதே ரஸ்ஸல் கம்பெனி ஆலிஸ் சால்மர்ஸ் கம்பெனியோட டிராக்டர் ஒண்ண சுத்தி கிரேடர் ஃப்ரேம கட்டி, தானே ஓடற கிரேடர வெளிய விட்டாங்க. 1928ல ரஸ்ஸல கேட்டர்பில்லர் வாங்கினாங்க. 1931ல கேட்டர்பில்லர் விட்ட ஆட்டோ பேட்ரோல்ங்கற வண்டியிலதான் டிராக்டர் வேற கிரேடர் வேறன்னு ஒட்டுப் போடாம, பின்னால எஞ்சின், ரப்பர் டயர்னு முழுசா ஒரே வண்டியா யோசிச்சு டிசைன் பண்ணாங்க. நம்பர் 12ங்கற பேர் பெத்த மாடல் 1938. ஆடம்ஸ் கம்பெனி தனியாவே ரொம்ப நாள் ஓடி 1955ல லெடூர்னோ வெஸ்டிங்ஹவுஸ்ங்கற கம்பெனி கைக்கு போச்சு. எனக்கு கேட்டா, எஞ்சின் போட்டது பெரிய விஷயம்தான், ஆனா அத யாராவது ஒருத்தர் போட்டுத்தான் இருப்பாங்க, எல்லா வண்டிக்கும் போட்டாங்கல்ல. சக்கரத்த சாய்க்கலாம்னு தோணினதுதான் பெருசு.

கேள்வி: நான் ஸ்பேர்ஸ் கடையில வேலை பாக்குறேன். கிரேடர் பிளேடு மாட்டற போல்ட்ட ப்ளவ் போல்ட்னு கேட்டு வாங்கறாங்க. ப்ளவ்னா கலப்பைதானே, இங்க ஏன் அந்தப் பேர்?
– வாசகர், ஈரோடு

கலப்பையேதாங்க. பிளேடுன்னு நாம பொதுவா சொல்றது ரெண்டு துண்டு. பின்னால வளைஞ்சு நிக்கற பெரிய தகடு, அது கலப்பையில மண்ண புரட்டிப் போடற பலகையோட வாரிசு, ஆங்கிலத்துல ரெண்டுக்கும் மோல்ட்போர்டுன்னு ஒரே பேர்தான். அதோட அடி விளிம்புல தனியா ஒரு கெட்டி இரும்புப் பட்டை, இது கொழு மாதிரி, தேயறதுக்குன்னே இருக்கறது, ஒரு பக்கம் தேஞ்சா திருப்பி மாட்டலாம், அதுவும் தேஞ்சா புதுசு.

அந்தப் பட்டைய மாட்டற போல்ட்ட கடையில ஒண்ண எடுத்து கையில வெச்சுப் பாருங்க. தலை சாதாரண போல்ட்டு மாதிரி புடைச்சுக்கிட்டு இருக்காது, மேல தட்டையா இருக்கும், கழுத்து சதுரமா இருக்கும். தலை ஓட்டைக்குள்ள முழுசா முங்கிடும், அதனால சுருண்டு ஓடற மண்ணு எங்கயும் முட்டாது, தலையும் தேயாது. சதுரக் கழுத்து ஓட்டையில உக்காந்துக்கறதால போல்ட்டு கூடவே சுத்தாது, பின்னால இருந்து ஒரே ஸ்பேனர்ல நட்ட முடுக்கிடலாம். கொழுவுக்கு என்ன தேவைப்பட்டுச்சோ அதேதான் இங்கயும் தேவை, அதனால போல்ட்டும் மாறல பேரும் மாறல. வாங்க வர்றவங்ககிட்ட ஒண்ணு மட்டும் சொல்லி அனுப்புங்க, பட்டை தேஞ்சு போல்ட்டு தலைக்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே திருப்பி மாட்டச் சொல்லுங்க. தலையும் சேந்து தேஞ்சுட்டா அப்புறம் கேஸ் கட்டிங் வெச்சுத்தான் எடுக்கணும், நான் யார்டுல அப்படி ஒரு நாள் முழுக்க உக்காந்து பதினஞ்சு போல்ட்ட வெட்டி எடுத்திருக்கேன், சாயங்காலம் பாத்தா பெரிய தகட்டோட அடி விளிம்பும் தேஞ்சு போயிருந்துச்சு, அது மாத்தற சாமான் இல்ல.